எக்ஸ்ரே பெட்டிக்கு அரை கிலோ மிளகாய்

என் தங்கை பூங்கொடி அழுதால் பேரூர் வரைக்கும் கேட்கும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் போனில் அழுததில் காந்திபுரத்தில் நின்றிருந்த டவுன் பஸ்கள் எல்லாம் தாமாகவே ஸ்டார்ட் ஆகிவிட்டன. அந்த அழுகைதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

அவள் மகள் பிருந்தா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் ரோட்டில், தேங்காய் சிப்ஸ் பாக்கெட் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அங்கே ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு எக்ஸ்ரே பெட்டிக்குள் புகுந்து வெளியே வருகிறது என்பதும், அந்தப் பெட்டிக்குக் காவல் இந்தப் பெண்தான் என்பதும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. பூங்கொடி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் வேலையை விட வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. விடமாட்டேன் என்பது மகளின் மேல்முறையீடு. கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: மாமன் நேரில் போய்ப் பார்க்கட்டும், மாமன் சொல்வதே முடிவு.

ஏன் நான்? இந்தக் குடும்பத்தில் யாரையும் நம்பாத ஒரே ஆள் நான்தான். பால்காரர் பால் ஊற்றும்போது மாட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவன். தராசை நம்பாமல் தராசையே எடை போட்டவன்.

"மெசின் மேல தப்புன்னா ஊட்டுக்கு வராதீங்கண்ணா. நேரா மாசாணியம்மன் கோயிலுக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாங்க" என்றாள் பூங்கொடி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயத்துக்கு ஆளானவர்கள் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அநியாயம் செய்தவனுக்கு உடம்பு எரியும் என்று நம்பிக்கை. மனிதர்கள் மேலே குறை சொல்லி இதுவரை லட்சம் பேர் பூசியிருக்கலாம். எக்ஸ்ரே பெட்டியின் மேல் பூசப் புறப்பட்ட முதல் ஆள், உலக வரலாற்றில் நான்தான்.

புதன்கிழமை. எனக்கும் பூங்கொடிக்கும் மாதாமாதம் மளிகை வாங்கும் காந்திபுரத்துக் கடையில் அரை கிலோ வர மிளகாய் வாங்கிக்கொண்டு 7.10-க்கு டவுன் பஸ் ஏறினேன். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். 7.35-க்கு உக்கடம். அங்கே பொள்ளாச்சி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நாற்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய், ஜன்னல் சீட். கிணத்துக்கடவு தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். சிவப்பு மிளகாய், தனி ஆள், போகும் திசை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, ஆனமலைக்குங்களா? யாரு மேலங்க?"

"ஒரு மெசின் மேலங்க."

அவர் பையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, பின்னால் காலியாக இருந்த சீட்டுக்குப் போய்விட்டார்.

8.50-க்குப் பொள்ளாச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு காபி. அங்கிருந்து ஆனைமலை பதினைந்து கிலோமீட்டர். தொழிற்சாலை ஒன்பதாவது கிலோமீட்டரில், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. 9.45-க்கு வாசலில் இறங்கினேன்.

காவலாளி முதல் காரியமாக மிளகாயைப் பிடுங்கிக்கொண்டார். வெளியிலிருந்து உணவுப் பொருள் உள்ளே போகக் கூடாதாம். என் ஆயுதம் பறிமுதல். அடுத்து ஒரு சின்ன அறையில் பேப்பர் தொப்பி, வெள்ளை அங்கி, ரப்பர் செருப்பு கொடுத்து, "மோதரம், வாட்ச், செயின் எல்லாம் கழட்டி வெச்சுருங்க" என்றார்கள். ஸ்கேன் சென்டரில் சொல்கிற அதே வார்த்தைகள்! அப்படியென்றால் உள்ளே நுழைகிறவன் மேலெல்லாம் கதிர் பாய்கிறது என்றுதானே அர்த்தம்? மோதிரம், வாட்ச் மட்டுமல்ல, இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணையும் உருவி வைத்தேன்.

உள்ளே பிருந்தா நின்றிருந்தாள். அவளுக்கு ஓர் எட்டுத் தள்ளி, படுக்கவைத்த பிரிட்ஜ் மாதிரி ஒரு எவர்சில்வர் பெட்டி. ஒரு பக்கம் பெல்ட்டில் பாக்கெட்டுகள் நுழைகின்றன, மறுபக்கம் வருகின்றன. கதிர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சட்டென்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா? மாமா, ஏனுங்க பேச மாட்டேங்கறீங்க?"

நான் கையை ஆட்டினேன். ஒரு நிமிஷத்தில் என் முகம் பழுத்த தக்காளி ஆனதாகப் பிறகு சொன்னார்கள்.

"அய்யோ, மூச்சு உடுங்க! உங்களை யாருங்க இங்க எக்ஸ்ரே எடுக்கறாங்க? மோதரம் கழட்டச் சொன்னது பாக்கெட்டுக்குள்ள விழுந்துறக் கூடாதுன்னு."

மொத்த ஷிப்ட்டும் சிரித்தது. நானும் மூச்சு விட்டேன். ஆனால் சந்தேகத்தை விடவில்லை.

"கண்ணு, இதுக்குள்ள போன தேங்கா ஒடம்புக்குள்ள போயி எக்ஸ்ரே அடிக்காதா?"

"டார்ச் லைட்டை அணைச்சதுக்கு அப்பறம் ரூம்புக்குள்ள வெளிச்சம் மிச்சம் இருக்குங்களா? அந்த மாதிரிதானுங்க. சுவிட்சை அணைச்சா கதிரும் இல்ல. தேங்காய்ல ஒண்ணும் தங்காது. உள்ளார கல்லு, கண்ணாடி, இரும்பு இருந்தா காட்டிக்கொடுக்கும். அவ்வளவுதான்."

"முடி?"

"முடி தெரியாதுங்க. அதுக்குத்தான் உங்க தலைல தொப்பி."

பதில் நேர்மையாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் இரட்டிப்பானது. ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, இருட்டில் ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். மினுங்கவில்லை. தின்று பார்த்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

பிருந்தா ஒரு மீட்டர் எடுத்துவந்தாள். கைக்கு அடக்கமாக இருந்தது. கதிர் கசிந்தால் எண் ஏறும். பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். எண் அசையவில்லை. அவள் நிற்கும் இடத்தில் வைத்தாள். அசையவில்லை. மீட்டரும் அவர்களுடையதுதானே! "நான் சொல்ற எடத்துல வெய்யி" என்று வாசல்வரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த கிரானைட் படிக்கட்டில் வைத்ததும் எண் கொஞ்சம் ஏறியது.

"பாத்தீங்களா? கிரானைட்டுல இயற்கையாவே கொஞ்சம் இருக்குதுங்க மாமா. பெட்டிக்குப் பக்கத்துல நிக்கறதை விட இந்தப் படில உக்காந்தா சாஸ்தி."

என் வீட்டுச் சமையல் மேடையே கிரானைட். பூங்கொடிக்கு இதைச் சொன்னால் மேடையை உடைத்துவிடுவாள் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். தீர்ப்பு கிட்டத்தட்ட தயார். ஆனாலும் தராசை எடை போட்டவன் அவ்வளவு சீக்கிரம் ஓய்வானா?

"பாக்கெட் வெளிய வர்ற வாய் இருக்குதே, அங்க வெச்சியா?"

"காலைல வெச்சனுங்க. சரியாத்தான் இருந்துச்சு."

"இப்ப வெய்யி."

வைத்தாள். எண் ஏறியது. படிக்கட்டில் ஏறியதைவிட நன்றாகவே ஏறியது. பிருந்தாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். அந்த வாயில் ஈயம் கலந்த ரப்பர் பட்டைகள் திரை மாதிரி தொங்க வேண்டும், கதிர் வெளியே வராமல் இருக்க. அதில் இரண்டு பட்டைகளை யாரோ மேலே மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள்.

பிருந்தா நிமிர்ந்தாள். சிவப்புப் பொத்தானை அடித்தாள். பெல்ட் நின்றது. தொழிற்சாலையில் அப்படி ஓர் அமைதி. தோப்பில் தேங்காய் விழுந்தது கேட்டது.

அந்த வாயருகே பாக்கெட் அடுக்குகிற செந்தில் தலையைச் சொறிந்தார். நாற்பது வயதிருக்கும். "அம்மிணி, பாக்கெட்டு நெம்ப லேசுங்க. திரைல முட்டி முட்டி உள்ளாரயே சாஞ்சுக்குது. கைய உட்டு எடுத்து எடுத்து முடியல. அதான் ஒரு மணி நேரம் முன்னால மடிச்சு உட்டேன்."

"கைய உட்டீங்களா? விளக்கு எரியறப்பவா?"

செந்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேலாளர் ஓடிவந்தார். மூன்று மணிக்குக் கண்டெய்னர் லாரி கொச்சிக்குக் கிளம்ப வேண்டும். "ஏம்மா லைனை நிறுத்துன? சாயங்காலம் பாத்துக்கலாமல்ல? இதுனால என்ன ஆயிரப் போகுது?"

"ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாதுங்க சார். ஆனா நாளைக்கும் மடிப்பாங்க. அடுத்த வாரமும் மடிப்பாங்க. அங்க நிக்கறது நானில்லீங்க, செந்தில் அண்ணன். திரைய எறக்காம சாவி தர மாட்டனுங்க."

பெட்டியின் சாவி அவள் கையில் இருந்தது. பூங்கொடி வேலையை விடச் சொல்லி மூன்று நாளாகிறது. இந்த மேலாளர் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் ஆசை இன்றைக்கே நிறைவேறிவிடும். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"நீங்க யாருங்க?" என்றார் மேலாளர்.

"மொளகாயோட வந்தவனுங்க" என்றேன்.

வாசலில் பையைப் பார்த்திருப்பார் போல. ஆனைமலைக்கு ஆறு கிலோமீட்டரில் தொழில் செய்கிற மனிதர். தானே குனிந்து ரப்பர் பேண்டை அறுத்தார். பாக்கெட்டை நிமிர்த்தி அனுப்பாமல் படுக்கவைத்து அனுப்பினால் திரையில் முட்டாது என்று பிருந்தா சொன்னாள். முட்டவில்லை. மீட்டரும் அடங்கியது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். மூன்றே கால் மணிக்கு லாரி கிளம்பியதாகக் கேள்வி.

கிளம்பும்போது காவலாளியிடம் திரும்ப வாங்கிய மிளகாய்ப் பையை, வாசல்வரை வந்த பிருந்தாவிடமே கொடுத்துவிட்டேன். "இதை என்னங்க பண்றது?" என்றாள். "எங்கயாவது போடு கண்ணு" என்றேன்.

மதியம் ஆனைமலை போனேன். ஆட்டோ எண்பது ரூபாய். கோயிலில் அரைக்கிற இடத்தில் ஓர் அம்மிணி தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். "மொளகா எங்கீங்க?" என்றார். "எதிரிகிட்டயே குடுத்துட்டு வந்துட்டனுங்க" என்றேன். சும்மா கும்பிட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இருந்தால், வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். அனுமதி கேட்டு நேரில் போங்கள். பெட்டியைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். திரையைச் சந்தேகப்படுங்கள். முக்கியமாக, சிவப்புப் பொத்தானை அடித்தால் அங்கே யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று பாருங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பிருந்தா மூன்றாம் மாதமே கொடுத்திருக்கிறாள். அம்மாவிடம்தான் பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. போக வர எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் சாயங்காலம் ஆறுக்குக் கோவை.

பஸ்ஸிலிருந்தே பூங்கொடிக்கு எல்லாம் சொன்னேன், கிரானைட்டைத் தவிர. ரப்பர் பேண்டை மறைக்கவில்லை. "அப்ப அந்தச் சாவிய வேற யாருகிட்டயாவது குடுத்தா?" என்றாள்.

"செந்தில் திரும்ப மடிச்சு உடுவாரு."

"ம்" என்றாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

கிணத்துக்கடவு வரும்போது பிருந்தா கூப்பிட்டாள். வேலை முடிந்து பெட்டியைக் கழுவுவதற்கு முன்னால், மிளகாயை இரண்டு கவருக்குள் கட்டி ஒரு தரம் உள்ளே அனுப்பிப் பார்த்தாளாம். "மாமா, பெட்டி மொளகாய ஒதுக்கித் தள்ளி உட்டுருச்சுங்க. உள்ளார சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கல்லு. படம் அனுப்பிருக்கேன், அம்மாவுக்கும்."

இரண்டே நிமிடத்தில் பூங்கொடியின் போன் வந்தது. இந்த முறை அழுகை இல்லை. குரல் மிகவும் சாந்தமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, மாசந்தவறாம எனக்கு மளிகை வாங்கிப் போடறது நீங்கதான? எந்தக் கடைங்க அது?"