எதிரொலி போன ஆல்பம்

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். நான் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் என் தோழி கீபோர்டு, அவள் கணவர் டிரம்ஸ். நாங்கள் செய்வது ட்ரீம் பாப். அதில் கிட்டார் பனிமூட்டம்போலப் படரும், குரல் எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வரும். அதற்கு வேண்டிய எதிரொலியைத் தந்தது குத்தாலத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் நெல் குடோன். காலியாகக் கிடந்த அந்தத் தகரக் கூரைக்கடியில் தும்மினால்கூடத் தெய்வீகமாக இருக்கும்.

முதல் ஆல்பத்தை அங்கேதான் பதிவு செய்தோம். பெரியப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கும்மா. என்ன பாஷை?" என்றார்.

இரண்டாவது ஆல்பம் பாதி முடிந்திருந்தபோது குறுவை அறுவடை வந்தது. ஒரு காலை நாங்கள் போனால், குடோனில் கூரை வரை நெல் மூட்டைகள். நடுவில் எங்களுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார் பெரியப்பா. "உங்களுக்காகத்தான் ஒதுக்கி வெச்சேன்" என்றார் பெருமையாக. தோழி கைதட்டிப் பார்த்தாள். சத்தம் மூட்டைக்குள் போனது, திரும்பவே இல்லை.

வேறு இடம் கிடையாது. அப்படியே பாடினேன். பதிவைப் போட்டுக் கேட்ட தோழி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"உனக்கு 'ழ' வரலைடி."

"என்ன உளர்ற?"

"மளைன்னு பாடுற. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் காதுல விழுது."

பல்லவி முழுக்க மழைதான். எப்போதும் எங்களைச் சமாதானம் செய்யும் அவள் கணவர், "பேசாம வெயில்னு மாத்திடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று முழுவதும் மூட்டைமேல் உட்கார்ந்து நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். மூட்டை இறக்க வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அது வரவில்லை என்பது ஒரு ஆறுதல்.

ஆல்பம் வெளிவந்ததும், எங்கள் இசை முதிர்ந்துவிட்டது, எதிரொலியைத் துறந்தது துணிச்சலான முடிவு என்று இணையத்தில் ஒருவர் பாராட்டி எழுதினார். நாங்கள் மறுக்கவில்லை.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் அந்தப் பாட்டைப் பாடினோம். முன்வரிசை மாணவிகள் கூடவே பாடினார்கள். அதுவரை யாரும் எங்களோடு பாடியதில்லை. வார்த்தை புரிந்தால்தானே பாடுவதற்கு! அந்த மலைப்பில் எனக்கு இரண்டாவது சரணம் மறந்துவிட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. நான் மைக்கை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, எல்லாம் திட்டமிட்டதுதான் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை மட்டும் வாசித்தேன்.