பாதி பஜ்ஜி

என் மகளைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வந்தவர்கள் கிளம்பிப் போனதும், மாப்பிள்ளையின் அப்பா தட்டில் பாதி பஜ்ஜி மிச்சமிருப்பதைப் பார்த்தேன். மற்ற தட்டெல்லாம் காலியாக இருப்பதை என் மனைவி பார்த்தாள்.

“பிடிக்கல. பிடிச்சிருந்தா முழுசா தின்னிருப்பாரு,” என்றேன்.

“ஏற்கெனவே மூணு உள்ள போயிருக்கு. வவுறு இன்னா கோணிப்பையா?”

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் கெட்டது எந்தப் பக்கமாக வரும் என்று யோசிப்பதில் பெரிய படிப்புப் படித்தவன். மயிலாப்பூரில் தேர் வந்தால் மனைவி சாமியைப் பார்ப்பாள். நான் சக்கரத்தைப் பார்ப்பேன்.

மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அன்று கட்டிய புடவையை பீரோவில் வைக்க மனமில்லாமல் கொடியிலேயே போட்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பாதி பஜ்ஜிதான் ஞாபகம் வந்தது. “போன் பண்றோம்” என்று சொல்லிப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுப் போன் புதுசு. அதற்கு உயிர் இருக்கிறதா என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். இருந்தது. அதற்குள் போயிருந்தால்? மறுபடி எடுத்தேன். மறுநாளும் இதே வேலை.

“தூங்குற கொழந்தைய மூச்சு வருதான்னு கிள்ளிப் பாக்குற மாதிரி கீது,” என்றாள் மனைவி.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பாவே வியர்த்துக்கொட்ட வாசலில் நின்றார்.

“எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு சார். எங்க சம்பந்தம் வேணாம்னு ரிசீவரை எடுத்து கீழ வெச்சிட்டீங்களோன்னு பயந்துட்டேன். பஜ்ஜிய மிச்சம் வெச்சதுல கோவமோன்னு வேற ஒரே ரோசனை. வீட்டம்மாதான், ‘போய்க் கேட்டுட்டு வாயேன்யா’ன்னு பஸ் ஏத்தி விட்டா. எங்களுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

மனைவி போனருகே போனாள். புதுசாயிற்றே, உடைந்துவிடப் போகிறது என்று நான் பூப்போல வைத்த ரிசீவர் சரியாக உட்காராமல் சாய்ந்து கிடந்தது. அதை ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தாள்.

“எங்களுக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றேன் அவசரமாக. உள்ளே மகள் சிரிப்பது கேட்டது.

சற்று நேரத்தில் மனைவி சுடச்சுட பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். “முழுசா சாப்பிடுங்க சம்பந்தி. இல்லாட்டி கல்யாணம் வரைக்கும் இவரு தூங்க மாட்டாரு.”

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டவர்போல ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்.

இந்த வயதில் இவ்வளவு எண்ணெய். அடையாறு போய்ச் சேருகிறவரை ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று எனக்கு.