சுலைமான் பாய் பெயர் போட்ட கடைசிப் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை சுலைமான் பாயின் மகள் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார்: "அங்கிள், அத்தா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நான் சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கிலிருந்து கிழக்கே பிடோக் போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். தாமதமாகப் போவது என் வழக்கமல்ல. எந்தச் சட்டை போடுவது என்று நெடுநேரம் நின்றுவிட்டேன்.

சனிக்கிழமைக் குழு நண்பர்களே, தடம் மாறாமல் எழுத மூன்று குறிப்புகள் வைத்துக்கொண்டேன்.

1. பாயின் வேலை எப்படிப்பட்டது.
2. நம் புத்தகத்தில் வந்த பிழை யாருடையது.
3. உண்மையைச் சொல்ல எனக்கு ஏன் வாய்ப்பு அமையவில்லை.

பாய் தஞ்சோங் பகாரில் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். தேக்காவில் சங்கக் கட்டடத்து மாடியில், ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதையை நம் புத்தகத்துக்காக நாம் அட்டைகளில் தமிழில் எழுதும்போது, அவர் ஒவ்வோர் அட்டையையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படிப்பார். சந்தேகம் இருந்தால் திருப்பித் தருவார். "தெரியலைன்னு எழுதிக் கொடுங்க சார், அதுவும் ஒரு வேலைதான்" என்பார்.

நம் விதி உங்களுக்குத் தெரியும். குறிப்பு எழுதியவர் பெயர் எங்கும் வராது. கடைசி மெய்ப்பைப் படித்தவர் பெயர் மட்டும் கடைசிப் பக்கத்தில் வரும். அந்த விதியை முன்மொழிந்தவன் நான்.

'பிரஸ்டீஜ்' என்ற சொல்லுக்கான அட்டையை எழுதியதும் நான்தான். மதிப்பு, செல்வாக்கு என்று பொருள் எழுதினேன். முன்னால் நிற்பவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்றும் சேர்த்தேன். ஓசை பொருந்தியது, பெருமைக்கும் பொருந்தியது. புரட்டிப் பார்க்கவில்லை.

"சார், இதை எதிலயாவது பார்த்தீங்களா?" என்று பாய் கேட்டார்.

"பார்த்துட்டேன் பாய்."

"நீங்க பார்த்துட்டா சரி."

வெளியீட்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். அந்தச் சொல்லின் ஆதிப் பொருள் கண்கட்டு வித்தை என்றார். பார்ப்பவர் கண்ணை மயக்கும் ஏமாற்று என்ற பொருளில்தான் அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மதிப்பு என்ற பொருள் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னது முழுக்கச் சரி.

"யாருங்க இதைப் பார்த்து அச்சுக்கு விட்டது?" என்று அவரே கேட்டார்.

கடைசி வரிசையில் பாய் எழுந்து நின்றார். மேடையில் இருந்த என்னைப் பார்த்தார். என் தோளில் அப்போதுதான் பொன்னாடை போட்டிருந்தார்கள். நான் அதன் மடிப்பைச் சரிசெய்தேன்.

"நான்தாங்க" என்றார்.

"கிராணியை டிக்‌ஷனரி பார்க்க விட்டா இப்படித்தான் லா!" என்று யாரோ சொல்ல, அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அன்று ரயில் நிலையத்தில் பிரியும்போது, "சார், அந்த அட்டையைப் பத்தி ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"நேரமாச்சு பாய், அடுத்த வாரம் பேசலாம்."

"சரி சார். படி பார்த்து இறங்குங்க."

அடுத்த வாரம் புதுப் புத்தகத்தின் மெய்ப்பு வேலையை வேறொருவருக்குக் கொடுத்தோம். பாய்க்குக் கண் சரியில்லை என்று காரணம் சொன்னது நான். அதன் பிறகும் அவர் வாராவாரம் வந்தார். புது அட்டைகளை அகரவரிசையில் அடுக்கினார். நமக்குத் தேநீர் வாங்கி வந்தார். ஜன்னல் பக்கம் மட்டும் போகவில்லை. என் கையெழுத்தில் இருந்த அந்த அட்டையை ஒரு முறை எடுத்துக் காட்டியிருந்தால் அவர் பெயர் மீண்டிருக்கும். பழைய அட்டைகள் இருந்த பெட்டியை அவர் திறக்கவில்லை. திறந்தவன் நான். ஒரு சனிக்கிழமை முன்னதாகவே வந்து, அந்த அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஓரத்தில் பென்சிலால், 'சார் பார்த்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறார். வரும் சனிக்கிழமை அதை உங்கள் முன் வைக்கிறேன். அவர் மகளுக்கும் காட்ட வேண்டும்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது குறிப்பு பிழை. வாய்ப்பு அமைந்தது, இரண்டு முறை. இரண்டு முறையும் அதைக் கொடுத்தவர் சுலைமான் பாய்.