எண்ணூரில் ஸ்டார்ட் ஆகாத அப்பா வண்டி

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். வியாசர்பாடியில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் வாயே திறக்காதீர்கள். நான் பந்து விளையாடப் போகும் இடங்களைப் பற்றி எழுதும் பக்கம் இது. வழக்கமாகச் சிரித்துக்கொண்டே எழுதுவேன். இன்று முடியவில்லை. உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது, தூக்கமும் வரவில்லை. அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் செல்போனை மறைத்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இன்று எங்களோடு எண்ணூர் வந்த வண்டியில்தான் அப்பா இப்போது நைட் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். அதன் ஸ்பார்க் பிளக் கையால் திருகியதோடு நிற்கிறது, முறுக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. போன் போட்டால் எடுக்கவில்லை.

எண்ணூரில் ஒரு கிளப்புக்குப் பெண்கள் கால்பந்து அணித் தேர்வு, ஞாயிறு மதியம் இரண்டரைக்கு. பிளஸ் டூ முடியும்வரை பந்தைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. மீறினால் ஷூவை எடுத்துக் கொளுத்திவிடுவார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் பகலெல்லாம் தூங்குவார். ஆறரைக்குத்தான் எழுவார். அதற்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று செல்வி அக்கா சாவியை எடுத்தாள். அவளுக்கு லைசென்ஸ் உண்டு, எனக்குப் பின்சீட்.

ஒன்றரைக்கு வியாசர்பாடி வீட்டிலிருந்து கிளம்பினோம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாகப் பதினைந்து கிலோமீட்டர். பெட்ரோல் நூற்றைம்பது ரூபாய்க்குப் போட்டோம். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவற்றின் இடுக்குகளில் நுழைந்து வெளியே வருவதற்குள் வாய்க்குள்ளே மண். கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள்.

மைதானம் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில். வண்டியை வலை காயும் மேட்டுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி நிறுத்தினோம். ஆட்டம் எப்படி என்று கேட்காதீர்கள். லெஃப்ட் பேக்காக எடுத்துக்கொண்டார்கள். சந்தோஷப்படக்கூட நேரமில்லை, மணி நாலே முக்கால்.

திரும்பி வந்தால் நிறுத்தின இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மேட்டுக்குத் தள்ளிவந்து அக்கா கிக்கரை உதைத்தாள். உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். சோக் போட்டுப் பார்த்தோம், பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினோம். இருமக்கூட இல்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோ அண்ணன் வந்தார். “இன்னாமா, பேஜாரு பண்ணுதா?”

“அப்பா எழுந்துக்கறதுக்குள்ள வூட்டுக்குப் போணும்ணா,” என்றாள் அக்கா. அழுகிற குரல்.

எங்கள் பிளக் ஸ்பேனர் வண்டியில் இல்லை. திருடிவிடுவார்கள் என்று அப்பா அதை வீட்டு ஷெல்ஃபில்தான் வைப்பார். அண்ணன் தன்னுடைய ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, கையாலேயே திருகினார். “மொதல்ல ஸ்டார்ட் ஆவட்டும், அப்பால டைட் பண்ணிக்கலாம்.” ஆகவில்லை. “தங்கச்சி, நீ இவ்ளோ நேரம் ஒதச்சதுக்கு பத்து கோல் போட்ருக்கலாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவருக்குச் சவாரி வந்துவிட்டது. ஸ்பேனரும் அவரோடு போய்விட்டது.

அப்போது நண்டுக் கூடையோடு ஒரு அக்கா மேட்டில் ஏறி வந்தார். எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்து இடுப்பில் கைவைத்தார்.

“அய்யே! துணிய எடுக்காம இன்னாத்துக்குடி அத்தப் போட்டு ஒதச்சிகினு கீறீங்க?”

“எந்தத் துணிக்கா?”

சைலன்சர் வாய்க்குள் விரலைவிட்டு இழுத்தார். சுருட்டிய லுங்கித் துணி வந்தது, முழம் நீளத்துக்கு.

“தண்ணி ஏறுற நேரம். இங்க வண்டிய வுட்டா வாய அடச்சிட்டுத்தான் போவாங்க, குப்பத்துல எந்தப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். நீங்க பாட்டுக்கு வுட்டுட்டு ஓடிட்டீங்க. தண்ணி பூந்தா கெட்டுப்பூடுமேன்னு நான்தான் அடச்சேன். தேங்ஸ் சொல்ல மாட்டீங்களா?”

சொன்னோம். நிஜமாகவே சொன்னோம். நாலாவது உதையில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. மணி ஐந்தரை. பிளக் ஞாபகம் எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை. தண்டையார்பேட்டை சிக்னலில்தான் இன்ஜினில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

“பிளக்க டைட் பண்ணலக்கா.”

“ஓடுதுல்ல? மூடிகினு ஒக்காரு.”

ஆறு இருபதுக்கு வண்டி அதன் இடத்தில் நின்றது. ஸ்பேனர் இருக்கும் ஷெல்ஃப் அப்பா படுத்திருந்த இடத்துக்கு நேர்மேலே. கையை நீட்டினேன், அவர் புரண்டு படுத்தார், கையை எடுத்துக்கொண்டேன். அப்புறம் அவர் எழுந்துவிட்டார். அக்கா மருந்துக்கடை நைட் டூட்டிக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு அப்பா சாப்பிட்டுக் கை கழுவி, “வரேன் பாப்பா” என்றார். பிளக்கைப் பற்றிச் சொன்னால் பந்து போச்சு. சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் போகிற சத்தத்தை ஜன்னலில் நின்று கேட்டேன், அந்த டிக் டிக்கோடு.

அவர் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்குப் போகிற வழி முழுக்க லாரிகள். அந்த லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுபோனால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியுமா? ஒரு ஆட்டத்துக்காக நான் இதைச் செய்திருக்கிறேன்.

எண்ணூர் போக நினைப்பவர்களுக்கு: கொருக்குப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போங்கள், பத்து ரூபாய்க்குள் முடியும். வண்டியில்தான் போவேன் என்றால் மேட்டிலேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் சைலன்சர் வாயைப் பாருங்கள். கழற்றினால் முறுக்காமல் கிளம்பாதீர்கள். முறுக்காமல் கிளம்பிவிட்டால், வீட்டில் அடி விழுந்தாலும் பரவாயில்லை, அடுத்து அந்த வண்டியை எடுக்கப்போகிறவரிடம் முதலில்

கதவைத் தட்டுகிறார்கள். கீழே வண்டிச் சத்தமே கேட்கவில்லையே. அப்பா குரல்.

“பாப்பா, தொற. ஷெல்ஃபுல பிளக் ஸ்பேனர் கீதா பாரு. எவன் இத்தக் கயட்னது?”