மெத்தஹாராவில் நின்ற வண்டி

இல்லவே இல்லை. மாப்பிள்ளையைப் பிடிக்காமல் மெங்கேஷா நடுவழியில் காரை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஸெமெனேஷ் சொல்லட்டும், அவள் காப்பி வறுக்கும்போதெல்லாம் கிண்ணத்துக்கு ஒரு பொய் ஊற்றிக் கொடுக்கிறவள்தானே. முதல் சுற்றுக் காப்பியில், "மக கல்யாணத்துக்குப் போகாம மெங்கேஷா வேணும்னே திரும்பிட்டாராமே?" என்று சந்தேகமாகக் கேட்பாள். மூன்றாவது சுற்றுக்குள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் ஆகிவிடுவாள். மெத்தஹாரா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளையைப் பிடிக்காதவனா நாற்பது லிட்டர் தேன்மதுவைத் தன் கையால் ஊறப்போட்டு, இரண்டு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து முகர்ந்து முகர்ந்து பார்த்தான்?

தப்பு செய்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவன் செய்த தப்பு வேறு.

மெங்கேஷா குடிநீர் வாரியத்தில் குமாஸ்தா. அவனுடைய நீல வோல்ஸ் வண்டியை, அந்த வண்டு முதுகுக் காரை, முப்பத்தொரு வருஷமாக எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. சனிக்கிழமை விடிந்ததும், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே, முகம்கூடக் கழுவாமல் வால்வு இடைவெளியைப் பார்ப்பான். மழைக்காலம் முடிந்தால் அவனே எண்ணெய் மாற்றுவான். வாசலைக் கடக்கும் எந்த வண்டியானாலும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவான். அவன் குடியிருக்கும் குலலே பக்கம் இப்படி வோல்ஸ் பைத்தியம் பிடித்தவர்கள் எட்டு ஒன்பது பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் கிடானேயின் ரொட்டிக் கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் வண்டிகளை நிறுத்தி, எஞ்சின் இருக்கிற பின்மூடியைத் திறந்துவைத்து, ஆளுக்கொரு ஸ்பானரோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வண்டியாவது வழியில் நின்றுபோனால், கெட்டுப்போன பாகத்தைக் கொண்டுவந்து ரொட்டித் தட்டில் வைக்க வேண்டும். எதனால் கெட்டது என்று வண்டிக்காரனே தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்தவன் அதே குழியில் விழக் கூடாது என்பதற்காக.

அந்தக் கூட்டத்தில் கார்புரேட்டர் என்றால் மெங்கேஷாதான். அவர்கள் இருக்கும் அடிஸ் மலைமேல் இருக்கிற ஊர். காற்று மெலிசு. மெலிசான காற்றுக்குப் பெட்ரோலையும் குறைத்துத்தான் விட வேண்டும். அதற்காகக் கார்புரேட்டருக்குள் சின்னத் துளையுள்ள பித்தளைத் திருகு ஒன்றை, ஜெட்டை, போட்டிருப்பார்கள். கீழே சூட்டு நாட்டுக்கு இறங்கும்போது பெரிய துளை ஜெட்டை மாற்றிவிட வேண்டும். மறந்தால் பெட்ரோல் போதாது. எஞ்சின் கொதித்து மூன்றாவது சிலிண்டரில் வால்வு கருகிவிடும். "கீழ எறங்கப் போறியா? ஜெட்ட மாத்துனியா?" என்பதுதான் மெங்கேஷா ஆட்களுக்குச் சொல்லும் வணக்கமே.

அப்படிப்பட்டவன்தான் மறந்தான். மகள் ஹிருத்துக்குக் கீழே சூட்டு நாட்டில் இருக்கிற டிரே தவாவில் கல்யாணம். மனைவி ஆஸ்கலே சொந்தக்காரர்களோடு முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் இவன் தேன்மதுக் குடங்களையும் மிளகாய்ப்பொடி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். குடங்கள் உருளாமல் கட்டுவதிலேயே புத்தி போய்விட்டது. மெத்தஹாராவில் கருங்கல் காடாகக் கிடக்கிற இடத்தில், உச்சி வெயிலில் வண்டி படபடவென்று வெடித்து நின்றது.

இறங்கிப் பின்மூடியைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டிரே தவா பஸ் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவது பஸ் டிரைவர் நிறுத்தியே கேட்டார்.

"ஐயா, ஒரு சீட்டு இருக்கு. ஏறிக்கங்க."

"நீங்க போங்க தம்பி. அரை மணி வேலதான்."

கருகின வால்வை அரை மணியில் யாராலும் சரிசெய்ய முடியாது. அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஸ்பானரைப் பிடித்த கையை எடுக்க மனம் வரவில்லை. இருட்டும் வரை கழற்றினான், மாட்டினான். அதற்குப் பிறகு பஸ் இல்லை. மறுநாள் காலையில் ஏறினாலும் போய்ச் சேருவதற்குள் கோவிலில் ஹிருத்துக்குக் கல்யாண முடி சூட்டி முடித்திருப்பார்கள். அந்த முகத்தோடு போய் நிற்கக் கூசி, வண்டியைக் காலி லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு அடிஸுக்கே திரும்பிவிட்டான்.

மகள் போனில் ஒன்றுதான் கேட்டாள்.

"முப்பது வருஷத்துல ஒரு தடவகூட நின்னதில்லன்னு ஊரெல்லாம் சொல்லுவியேப்பா. என் கல்யாணத்துக்கு வரப்பத்தான் நின்னுச்சா?"

"என்னமோ ஆயிடுச்சும்மா" என்றான். உண்மையைச் சொன்னால் கிடானே காதுக்குப் போய்விடுமே! ஜெட் மறந்த மெங்கேஷா என்று பெயர் வாங்குவதைவிட, மாப்பிள்ளையைப் பிடிக்காத மெங்கேஷா என்ற பெயரே பரவாயில்லை என்று நினைத்தான் அந்த மடையன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதையும் விட்டான். வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒன்றரை வருஷமாக ஹிருத் அம்மாவோடு மட்டும் பேசினாள்.

பிறகு ஹிருத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"எம்பதாம் நாள் ஞானஸ்நானம்" என்றாள் ஆஸ்கலே. "என்ன மட்டும் வரச் சொல்லியிருக்கா."

மெங்கேஷா எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சினைக் கீழே இறக்கினான். நாற்பது நாள் முற்றத்தில் வாசமே மண்ணெண்ணெய்தான். ஆஸ்கலேயின் இஞ்சேரா அப்ப மாவுப் பானையைக்கூட நகர்த்தி வைத்துவிட்டு எஞ்சினின் தலைப்பகுதியைக் கழுவினான். புது வால்வைப் பொருத்தி, மாவு போன்ற பசையைத் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டித் தேய்த்தான். கடைசியாகக் கார்புரேட்டரைத் திறந்தான். மாற்றாமல் விட்ட சின்னத் துளை ஜெட்டைக் கையில் எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன அது?" என்றாள் ஆஸ்கலே.

முதல் முறையாகச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அந்தப் பித்தளைத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் சோளப்பொரி அளவு சாமானுக்கா என் மக ஒன்றரை வருஷம் அழுதா? ஏங்க, நீங்க மனுசந்தானா?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப மட்டும் பெருமையா இருக்காக்கும்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை கிடானேயின் முற்றத்துக்கு நடந்தே போனான். கருகின வால்வை ரொட்டித் தட்டில் வைத்தான். ஸ்பானர் சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

"மூணாவது சிலிண்டர்" என்றான். "ஜெட்ட மாத்தல. மறந்துட்டேன்."

 கிடானே வால்வை விரலால் தட்டினான். "அண்ணே, மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் கீழ ஹவாஷுக்கு எறங்கறப்ப மறந்துட்டேண்ணே. நீங்க திட்டுவீங்கன்னு காரணத்தயே மாத்திச் சொன்னேன்."

"எனக்கு அப்பவே தெரியும்டா. சத்தத்துல தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்க போங்க! உங்களுக்கே ஒன்றரை வருஷம் ஆச்சு!" முற்றமே சிரித்தது. அவர்களில் இரண்டு பேர் அன்றைக்கே வீட்டுக்கு வந்து எஞ்சினைத் தூக்கி ஏற்ற உதவினார்கள்.

முற்றத்தில் சொல்லியாயிற்று. மகள்தான் பாக்கி. ஆஸ்கலே நம்பரைப் போட்டுப் போனை அவன் கையில் திணித்துவிட்டாள். மெங்கேஷா ஜெட்டில் ஆரம்பித்தான். காற்று, துளை, வால்வு என்று நீட்டிக்கொண்டே போனான். மறுமுனையில் குழந்தை சிணுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தச் சிணுங்கலைக் கேட்டதும் வால்வுப் பேச்சை நிறுத்தினான்.

"அது கெடக்கட்டும்மா. ஜெட் மறந்தது தப்பில்ல. மூணு பஸ் போச்சு. ஒருத்தரு நிறுத்திக் கூப்பிட்டாரு. நாந்தான் ஏறல. வண்டிய நானே சரி பண்ணிடுவேன்னு நின்னுட்டேன். அதாம்மா தப்பு."

ஹிருத் கேட்டாள். "இந்தத் தடவ பஸ்ஸுக்காரரு கூப்பிட்டா ஏறுவியா?"

"ஏறுவேன்."

"வண்டிய நடு ரோட்டுல விட்டுட்டு?"

அவன் முற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "விட்டுட்டு."

"அப்ப வண்டியிலயே வாப்பா. பாப்பாவும் பாக்கட்டும்."

குழந்தை பிறந்த எழுபத்தெட்டாம் நாள் விடியற்காலையில் ஆஸ்கலே வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். போகிற வழியில் அடாமாவைத் தாண்டிக் கீழே இறங்கும் முன் ஜெட்டை மாற்ற வேண்டும் என்று, வண்டி கிளம்புவதற்குள்ளாகவே அவள்தான் மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். குப்பை கொட்ட வந்த ஸெமெனேஷ் அப்படியே நின்றுவிட்டாள்.

"மெங்கேஷா அண்ணே, திரும்பவும் இதுலயா? நின்னுடுச்சுன்னா?"

மெங்கேஷா வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்தான்.

"நின்னா பஸ்ஸுல போவேன் தங்கச்சி. செடிக்குத் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்கி வண்டிக்குப் போனான்.