சட்டைப்பையில் டிக்காஷன்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். கிருமி சாகட்டுமே என்று மாடித் தொட்டியில் நான் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டேன். மறுநாள் காலை, மூன்று மாதக் குழந்தையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்த மனைவி அலறினாள். அவள் கையெல்லாம் ரத்தம்போல் சிவப்புத் தண்ணீர்.

அரியலூரிலிருந்து ஃபில்டர் போடுகிறவர் வந்தார். ஒல்லியான மனிதர். மருதாணி இட்டதுபோல நகங்கள் சிவந்திருந்தன. சட்டைப்பையில் ஒரு சின்ன பாட்டில் நிறைய டீ டிக்காஷன் வைத்திருந்தார். எங்கே தண்ணீரைக் கண்டாலும் அதில் நாலு சொட்டு விட்டுப் பார்ப்பார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் மைபோலக் கறுத்தது.

“இரும்புதாங்க. கரைஞ்சு கெடந்துச்சு, பவுடரு பட்டதும் வெளியில வந்துடுச்சு. பயப்படாதீங்க.”

இரண்டு நாளில் மணலும் கூழாங்கல்லும் அடுக்கிய ட்ரம் ஒன்றை மாட்டினார். அதில் வந்த தண்ணீரில் சொட்டு விட்டார். கறுக்கவில்லை. எங்களுக்கு உயிர் வந்தது.

மனைவி ஒரு டம்ளர் பிடித்து நீட்டினாள். “குடிங்கண்ணே.”

அவர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பைக்கில் மாட்டியிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

“ஏண்ணே, நல்லாயிடுச்சுன்னு பாத்தீங்கல்ல?”

“இரும்பு போயிடுச்சும்மா. இந்த டிக்காஷன் இரும்ப மட்டுந்தான் காட்டும்.”

வேறு என்ன இருக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது தண்ணீர் கண்ணாடிபோல வருகிறது. குழந்தையின் தலைக்கு ஊற்றும்போதெல்லாம் மனைவி அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறாள்.

அந்த மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.