இருளாயியின் அடுப்புச் சுவர்

இது நடந்த கதை. என் வண்டி மாடு இரண்டின் மேலும் சத்தியம். ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று அடித்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கதையில் வருகிற மூன்று பேர் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: அங்கங்கே கொஞ்சம் இழுத்திருப்பேன். ரப்பர்த் தோட்டத்துக்காரன் இழுக்காமல் வேறு யார் இழுப்பது?

ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய்ப் பக்கம் எங்கள் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ரம்புத்தான் மரத்தடி. இந்தப் பக்கம் இருளாயி, பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். அவள் பக்கத்தில் புருஷன் பத்துமலை, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. நன்றாகத் தள்ளி உட்கார்ந்திருப்பவள் நல்லம்மாள், அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் கதை.

இருளாயி ஒரு நாளைக்கு முந்நூறு மரம் வெட்டுவாள். கூட்டாளிகளிடம் நான் சொல்லும்போது அது மூவாயிரம் ஆகிவிடும். ஈர விறகை அவள் முறைத்துப் பார்த்தாலே தீ பிடித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவள் கல்யாணமாகி மூன்று வருஷம் லயத்துக் கோடியில் இருக்கும் பொதுக் கொட்டகையில்தான் சோறு பொங்கினாள். எட்டுக் குடும்பத்துக்கு நாலு அடுப்பு. இவள் பானைக்கு இடம் கிடைக்கும்போது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். போன தை மாசம்தான் பால் வாளியில் புற்றுமண் சுமந்து வந்து, தன் வீட்டுக்குள்ளேயே சொந்தக் கையால் ஓர் அடுப்புப் போட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் தீபாவளி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள்.

அடுப்புக்குப் பின்னால் ஒற்றைப் பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் வீடு. சுவரை ஒட்டினாற்போல் அவளுடைய துணிப்பெட்டி.

ஒரு நாள் பலகை கருகி, சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. நல்லம்மாள் ஓடி வந்தாள்.

"அடியே இருளாயி! எம் பொட்டி கொதிக்குதுடி. உள்ள என் கல்யாணச் சேல இருக்கு. ஞாயித்துக்கெழம தொரை லயம் பாக்க வரட்டும், சொல்லத்தான் போறேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்கா. சுவத்துக்கு எதாச்சும் போட்டுடுறேன்."

"என்னத்தப் போடுவ?"

"அதாங்க்கா தெரியல."

தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு எல்லோருக்கும் தெரியும். சுவர் கருகின வீட்டில் அடுப்பை இடித்துவிட வேண்டும், மறுபடியும் பொதுக் கொட்டகைதான்.

முதலில் இருளாயி பலகை மேல் களிமண் பூசினாள். இரண்டாம் நாள் அது காய்ந்து, பாளம் பாளமாகக் கழன்று குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. பத்துமலை அது தெரியாமல் சாப்பிட்டு, குழம்பு இன்றைக்குக் கெட்டியாக இருக்கிறது என்று பாராட்டினான்.

பிறகு தாவூத் காக்கா கடைக்குப் போனாள். அவர் காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக் காட்டினார்.

"இத வெட்டி விரிச்சு, பலகையில ஆணி அடிச்சிடும்மா."

"தகரம் சுட்டா பின்னால பலகையும் சுடுமே காக்கா?"

"சுடத்தான் செய்யும்," என்றார் காக்கா. வியாபாரி அவ்வளவு உண்மை பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது என் வண்டியில் ஈப்போவுக்கு. ஒரு சீனர் கடையில் வெள்ளைப் பளிங்கு மாதிரி ஓடு, நடுவில் சிவப்புப் பூ. சுவரில் பதிக்கிற ஓடு. இருளாயி அதைத் தொட்டுப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், முந்தானையால் துடைத்தும் பார்த்தாள். கடை முதலாளி தவுக்கே கேட்டார்:

"டிண்டிங் பத்து? காயு?" கல் சுவரா, மரச் சுவரா என்று.

"காயு," என்றாள் இவள்.

தவுக்கே தலையை ஆட்டினார். "காயு தா போலே லா." மரச் சுவரில் சிமெந்து பிடிக்காது, ஓடு நிற்காது. அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் இருளாயி மாட்டு வாலையே முறைத்துக்கொண்டு வந்தாள். வால் தீப்பிடித்துவிடும் என்று பயந்துபோய் என் மாடுகள் ஓட்டமாக ஓடின.

வீட்டு வாசலில் பத்துமலை மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"ஏ புள்ள, ஈப்போ வரைக்கும் எதுக்குப் போன? உள்ள வந்து பாரு."

அடுப்புக்குப் பின்னால் தேன் நிறத்தில் மினுமினுவென்று ஒரு ரப்பர் ஷீட். கிழிசல் என்று கழித்துப் போட்டதைக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு வாங்கி வந்து அடித்திருந்தான்.

"ரப்பரா? ஏய்யா, அடுப்புக்கிட்டயா?"

"நாலு நாளு ராவும் பகலும் பொகையில கெடக்குது. கருகுதா? பளபளன்னுதான் ஆவுது. பொகைக்குப் பொறந்த சாமான் புள்ள இது! பத்து வருசமா எனக்கு இதான வேல. எனக்குத் தெரியாதா?"

சொல்வது சரி மாதிரிதான் இருந்தது. பார்க்கவும் அழகு. லயமே வந்து பார்த்தது. நல்லம்மாள்கூட வரிவரியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

"கேக்கல!" என்று இங்கே மரத்தடியில் நல்லம்மாள் கத்துகிறாள்.

சரி, வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டாள்.

சாயங்காலம் இருளாயி உலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கருவாட்டுக் குழம்புக்குத் தாளித்தாள். தீ எழும்பியது. ஷீட் முதலில் வியர்த்தது. அப்புறம் நாக்கைத் தொங்கவிட்டது. அப்புறம் சொட்டியது. சொட்டினது தீயில் விழுந்ததும் எழுந்த நாற்றம் இருக்கிறதே, ஈப்போவைத் தாண்டி ஜெலாப்பாங்கில் ஒரு நாய் மயங்கி விழுந்தது. அதற்கும் வெகு தூரம் தள்ளி, பாரிட் புந்தாரில் நெல் வயலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இருளாயி இரண்டு வாளித் தண்ணீரை வீசி அணைத்தாள். குழம்பும் போயிற்று.

பத்துமலை முகமெல்லாம் கரியாக நின்றான். "கொட்டகையில இப்புடி ஆவாதே…"

நான் திட்டு மழையை எதிர்பார்த்துக் குடை தேடினேன். அவளோ சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏய்யா, ஒங் கொட்டகையில தீ எங்க இருக்கு?"

"கீழ, குழிக்குள்ள."

"ஷீட்டு?"

"மேல, கம்புல."

"நடுவுல?"

"நடுவுல என்ன, ஒண்ணும் இல்ல."

"அந்த ஒண்ணும் இல்லாததுதான்யா நமக்கு வேணும்," என்றாள்.

மறுநாள் தாவூத் காக்காவிடம் டின் வாங்கி விரித்தாள். ஆனால் பலகையில் அடிக்கவில்லை. அடுப்புத் திட்டின் மேலேயே தகரத்தை நிமிர்த்தி, அடியில் புற்றுமண் வைத்து இறுக்கினாள். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில், பால் எடுக்கிற பழைய மங்குகளை வாய் உடைந்ததாகப் பொறுக்கி வந்து, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று செருகினாள். நாலு விரற்கடை இடைவெளி. அதில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. மிச்சத் தகரத்தில் ஒரு துண்டை ஓட்டை மேல் அடைத்தாள். டின்னில் இருந்த மான் படம் முன்பக்கம் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டாள். பூ இல்லாவிட்டால் மான்.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். இருளாயி அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க, நேரே நல்லம்மாள் வீட்டுக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அவருக்குத் தாடி முளைத்துவிட்டது. இந்தப் பக்கம் இருளாயி மிளகாய் தாளித்த கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"சுடுதா?" என்று துரை நல்லம்மாளைக் கேட்டார்.

நல்லம்மாள் சுவரைத் தொட்டாள். பெட்டியைத் தொட்டாள். இருளாயி வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"சுடலீங்க தொரை," என்றாள். "மொளகா நெடிதான் வருது."

"அடுப்பு இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் துரை தும்மிக்கொண்டே போனார். இருளாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். அதுவும் மிளகாய் நெடியால்தானாம்.

இதோடு கதை முடிந்தது என்று நான் துண்டை உதறி எழுந்தேன். பத்துமலை விடவில்லை.

"ஐயாவு அண்ணே, என் ஷீட்டு எரியலன்னா அவளுக்கு அந்த யோசனையே வந்திருக்காது. அதச் சொல்லலியே நீ?"

"எரிச்சதுக்கு மால போடணுமா?" என்றாள் இருளாயி.

நல்லம்மாள் இப்போதுதான் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "அதெல்லாம் கெடக்கட்டும். சுவருதான் சுடலியே. நாளைக்கு நானும் புத்துமண்ணு கொண்டாரேன். எம் பக்கம் அதே எடத்துல ஒரு அடுப்புப் போடப்போறேன்."

"அதே எடத்துலயா? ஒத்தப் பலகக்கா! ரெண்டு பக்கமும் தீயா?"

"ஏன், நீ போடலாம், நான் போடக்கூடாதா? நாந்தானடி தொரைகிட்ட ஒன் அடுப்பக் காப்பாத்துனேன்! அதுக்கு ஒரு நல்ல வார்த்த நீ சொல்லலன்னுதான் தள்ளி ஒக்காந்திருந்தேன்!"

"காப்பாத்துனியா? சொல்லத்தான் போறேன்னு குதிச்சது யாரு?"

"ஒரு பொய் சொல்லிருந்தா நீ இப்ப கொட்டகையில நின்னுருப்ப!"

"ஏ புள்ள, ரெண்டு பக்கமும் ரப்பர் ஷீட்டு…" என்று ஆரம்பித்தான் பத்துமலை.

"நீ வாய மூடு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் மேலிருந்து ரம்புத்தான் உதிர ஆரம்பித்தது. நான் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டேன்.